ஒரு சதவீத சீரியம்

(தக்கலையில் பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, நண்பர்களே,

மணவாளக்குறிச்சிக் கருமணலில் கருப்பாகத் தெரிவது இல்மனைட். அதற்குள் தேன் நிறத்தில் கிடக்கும் பொடிமணிகள் மோனசைட். நம் பகுதி திருவிதாங்கூரோடு இருந்த காலம் அது. இங்கிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில், 1909-ல் ஷோம்பர்க் என்ற வேதியியலர் மோனசைட்டைக் கண்டார். அதிலுள்ள தோரியம் என்ற உலோகத்துக்கு ஐரோப்பாவில் அவ்வளவு தேவை இருந்தது. அந்தத் தேவையை உண்டாக்கியவர் ஆஸ்திரிய வேதியியலர் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக்.

1858-ல் வியன்னாவில் பிறந்தார். ஜெர்மனியின் ஹைடல்பர்கில் வேதியியலர் புன்செனிடம் நிறமாலை பார்க்க, அதாவது ஒளியை நிறங்களாகப் பிரித்துத் தனிமத்தை அடையாளம் காண, பழகினார். தனிமம் என்றே நம்பப்பட்ட டிடிமியத்தை 1885-ல் பச்சை உப்பு தரும் பிரசியோடிமியம், இளஞ்சிவப்பு உப்பு தரும் நியோடிமியம் என இரண்டாகப் பிரித்தார். அம்மோனியம் இரட்டை நைட்ரேட்டாக்கிப் படிகமாக்குவது, வடித்த நீரை மீண்டும் படிகமாக்குவது, இப்படியே திரும்பத் திரும்ப. கரைதிறனில் வேறுபாடு மிகச் சிறிது என்பதால் வேறு வழியில்லை. அவருடைய தலைசிறந்த வேலை இதுதான் என்பேன்.

ஆனால் ஊரறியப் பேர் வாங்கித் தந்தது மேண்டில், நம் திருவிழாக்களில் எரிந்த பெட்ரோமாக்ஸின் வலை. பருத்தி வலையை உலோக நைட்ரேட் கரைசலில் நனைத்து, உலர்த்தி, எரிப்பார்கள். நூல் எரிந்துபோகும், நைட்ரேட் ஆக்சைடாகி வலை வடிவிலேயே நிற்கும். தொட்டால் உதிரும். முதல் மேண்டிலில் மக்னீசியம், லாந்தனம், யிட்ரியம் ஆக்சைடுகள் இருந்தன. வெளிச்சம் பச்சையடித்தது, வலை சீக்கிரம் நொறுங்கியது, தொழிற்சாலையை மூட வேண்டியதாயிற்று.

அடுத்துத் தோரியத்துக்கு வந்தார். அதைச் சுத்தப்படுத்தச் சுத்தப்படுத்த வெளிச்சம் மங்கியது! ஒளி தந்தது, அதோடு ஒட்டியிருந்த சீரியம் என்ற இன்னொரு உலோகம். 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு: 1891-ல் வந்த வெற்றிக் கலவை இதுவே. தோரியம் ஆக்சைடு அகச்சிவப்பில் வெப்பத்தை அதிகம் இழக்காது, ஆகவே மிகச் சூடாக நிற்கும். அந்தச் சூட்டில் சீரியம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தரும். சீரியம் கூடினால் வலையே வெப்பத்தை வெளியே கொட்டிக் குளிர்ந்துவிடும்.

வகுப்பில் காட்ட நினைக்கும் ஆசிரியர்களே, பழைய மேண்டில் கதிரியக்கமுள்ளது. எரிக்காதீர்கள், சாம்பல் தூசி மூச்சில் போகக் கூடாது. கண்ணாடிக் குப்பியில் மூடியபடியே காட்டுங்கள்.

தோரியம் எடுத்தபின் மோனசைட்டில் சீரியம் மலையாகத் தேங்கியது. அதற்கும் 1903-ல் அவரே வழி கண்டார். சீரியம் மட்டும் என்றால் மென்மையான உலோகம். சுமார் 30 சதவீதம் இரும்பு கலந்தால் கெட்டியாகி, உரசும்போது துகள்களாகச் சிதறும். காற்றுப் பட்டதும் அவை பற்றிக்கொள்ளும். சக்கரம் உருட்டும் லைட்டர்களில் இன்றைக்கும் இருப்பது அந்தக் கல்தான்.