பாரி சாண்டர்ஸ் எவ்வளவு பெரிய ஓட்டக்காரர்?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறவரை ‘ரன்னிங் பேக்’ என்பார்கள். 1990களில் அந்த இடத்தில் ஆடிய இருவரில் யார் பெரியவர் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஒருவர் டெட்ராய்ட் லயன்ஸின் பாரி சாண்டர்ஸ், இன்னொருவர் டல்லஸ் கவ்பாய்ஸின் எமிட் ஸ்மித். நான் சாண்டர்ஸ் பக்கம்.

எமிட் சாதாரண ஆள் இல்லை. பந்தோடு முன்னேறிய தூரத்தைக் கெஜத்தில் கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கில் அவர் மொத்தம் 18,355 கெஜம் ஓடியிருக்கிறார். சாம்பியன் யார் என்று முடிவாகும் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை மூன்று முறை வென்றிருக்கிறார். 1994 ஜனவரியில் நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு எதிராகத் தோள்பட்டை விலகிய வலியோடு ஆடி, 168 கெஜம் எடுத்தார். அந்த ஆட்டத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

சாண்டர்ஸ் மீதான குறையும் பொய்யில்லை. இரண்டு கெஜம் போதும் என்ற இடத்திலும் பெரிய இடைவெளியைத் தேடி அலைவார், பின்னால் போய் மாட்டிக்கொள்வார். 1994 டிசம்பர் 31 அன்று க்ரீன் பே அணியுடன் நடந்த நாக் அவுட் ஆட்டத்தில் 13 முறை பந்தை வாங்கி மைனஸ் ஒரு கெஜம் எடுத்தார். லயன்ஸ் தோற்றது.

சரி, அப்படியிருந்தும் ஏன் சாண்டர்ஸ்? எமிட் 4,409 முறை பந்தை வாங்கினார், சராசரி 4.2 கெஜம். சாண்டர்ஸ் 3,062 முறையில் 15,269 கெஜம், சராசரி 5. எமிட்டுக்கு வழி திறந்துவிட மலை மாதிரி ஆட்கள் முன்னால் நின்றார்கள். பந்தை எறிய ட்ராய் ஐக்மன், பிடிக்க மைக்கேல் இர்வின். எதிரணி யாரைத்தான் மறிக்கும்? டெட்ராய்ட்டுக்கு எதிராக ஆடியவர்களுக்குப் பல ஆண்டுகள் முதல் கவலை சாண்டர்ஸ் ஒருவர்தான்.

அவர் ஓடுவதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஐந்தடி எட்டங்குல உயரம், தூண் போன்ற தொடைகள். முழு வேகத்தில் வந்து சட்டென்று நிற்பார். பிடிக்கப் பாய்ந்தவர் வெறும் காற்றை அணைத்தபடி விழுவார். அவர் எழுவதற்குள் இவர் பக்கவாட்டில் நழுவி, பத்து கெஜம் தாண்டியிருப்பார். 1997இல் முதல் இரண்டு ஆட்டங்களில் சேர்த்து 53 கெஜம்தான். அப்புறம் தொடர்ந்து 14 ஆட்டங்களிலும் நூறுக்கு மேல்! அதில் டாம்பா பே அணிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில், ஒவ்வொன்றிலும் எண்பது கெஜமோ அதற்கு மேலோ ஓடி இரண்டு டச் டவுன், அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது. சீசன் முடிவில் 2,053 கெஜம்.

மொத்தக் கெஜத்தை வைத்து அவரை இரண்டாமிடத்தில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்போது முந்தைய தலைமுறை ரன்னிங் பேக் வால்டர் பேட்டனின் 16,726 கெஜம்தான் சாதனை. அதற்கு 1,457 கெஜமே பாக்கி இருந்த 1999இல் ஓய்வை அறிவித்துவிட்டார். அவருக்கு அது ஒரு சீசன் வேலை.

எண்ணைத் துரத்தாத குணம் முதல் சீசனிலேயே இருந்தது. 1989இன் கடைசி ஆட்டத்தில் லயன்ஸ் வெற்றி உறுதியாகிவிட்டது. இன்னும் பதினோரு கெஜம் ஓடினால் அந்த ஆண்டின் முதலிடம் அவருக்கு. களத்துக்குப் போகிறாயா என்று பயிற்சியாளர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓரத்திலேயே நின்றார். முதலிடம் பிடித்த கான்சாஸ் சிட்டி அணியின் கிறிஸ்டியன் ஒக்கோயே 1,480, சாண்டர்ஸ் 1,470.