வாங்கினார், சரி, பதிந்து வைத்தது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'பழம்பொருள் சேர்த்த சீனத்து அதிகாரிகளால் வெண்கலக் கலங்கள் பிழைத்தனவா, பறிபோயினவா?' இதுதான் தலைப்பு. எதிரணிச் சகோதரி வந்ததும் ஒரே போடாகப் போட்டார்: "துவான்ஃபாங் சேர்த்தார், வாரிசுகள் விற்றார்கள், இன்று நியூயார்க்கில் இருக்கிறது. இதுதான் பிழைத்த லட்சணமா?" நானும் கைதட்டினேன். சொன்ன அழகு அப்படி. துவான்ஃபாங் என்றால், சீனத்தின் கடைசி அரச மரபான சிங் ஆட்சியின் உயர் அதிகாரி.

ஆனால் எது நியூயார்க்கில் இருக்கிறது என்று அவர் சொல்லவே இல்லையே! சென்சி மாகாணத்து மண்ணிலிருந்து 1901இல் கிடைத்த வெண்கல மேசை அது. மூன்றடிக்குச் சற்றுக் குறைவான நீளம், பக்கவாட்டில் சன்னல் சன்னலாகத் திறப்பு, வயது ஏறத்தாழ 3,000. அதோடு சேர்ந்தவை 13 கலங்கள். இப்படி ஒரு குவியல் வெளியே வந்தால் வியாபாரிகள் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு போயிருப்பார்கள். துவான்ஃபாங் மேசையையும் கலங்களையும் சேர்த்தே வைத்திருந்தார். மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் 1924இல் வாங்கியதும் ஒரே தொகுப்பாகத்தான்.

அதிகாரிகள் விலை கொடுத்ததால்தான் கல்லறைகளைத் தோண்டினார்கள் என்கிறார் சகோதரி. அதில் நியாயம் இருக்கிறது, மழுப்ப மாட்டேன். ஆனால் தோண்டியவனும் எழுதி வைக்கவில்லை, விற்றவனும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தவர் வாங்கியவர்தான்!

இந்தக் கலங்களில் எழுத்து இருப்பது பெரும்பாலும் உள்ளே. குழிந்த வயிற்றுக்குள் ஈரத்தாளை ஒட்டி, குழிவுக்குள் அழுந்தும்படி மெல்லத் தட்டி, காய்ந்து வரும் பதத்தில் மைப்பொதியால் ஒற்ற வேண்டும். கறுப்பில் எழுத்து வெள்ளையாய் எழும். அதுதான் மைப்படி. ஏறத்தாழ 500 எழுத்துள்ள, இன்று தைபேயில் இருக்கும் மூன்று கால் வெண்கலக் கொப்பரையும் ஒரு காலத்தில் துவான்ஃபாங்கிடம் இருந்ததுதான். தன் வெண்கலங்களை 1908இல் படமும் மைப்படியுமாகப் புத்தகமாகவே போட்டுவிட்டார். பூட்டி வைக்கிறவன் செய்கிற வேலையா இது?

எதையும் பதிந்து வைக்கிற பித்து இவருடைய வேலைக்கே வினையாக வந்தது. சீனப் பேரரசி சிக்ஸியின் இறுதி ஊர்வலத்தைப் போட்டோ எடுக்கவிட்டார் என்று 1909இல் பதவியைப் பறித்தார்கள். நம் வீட்டில் சாவுக்கு வீடியோக்காரரைக் கூப்பிட்டால் சித்தப்பா முறைப்பாரே, அதைவிடப் பெரிய முறைப்பு!

இனி வாரிசுகள் விவகாரம். மனிதர் படுக்கையில் கிடந்து, நாலு பேர் பார்த்துக்கொள்ளச் செத்தாரா? 1911இல் சிச்சுவானுக்குப் படையோடு அனுப்பினார்கள். பேரரசை எதிர்த்துப் புரட்சி வெடித்தது. சொந்தப் படைவீரர்களே அவரையும் தம்பியையும் வெட்டினார்கள். தலைகள் மண்ணெண்ணெய்த் தகரத்தில் வைத்து, புரட்சிக்காரர் கையில் இருந்த வூச்சாங் நகருக்குப் போயின. தலை போன வீடு என்பார்களே, இங்கே சொல்லுக்குச் சொல் அதேதான். அந்த வீட்டாரைப் பார்த்து, "மேசையை ஏன் விற்றாய்?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, உட்கார்ந்துவிடுகிறேன். வாரிசு என்றாலே விற்பார்கள் என்று நினைக்கும் சகோதரிக்காக, இன்னோர் அதிகாரி பான் சூயின் வீட்டுக் கதையை என் அணித் தலைவர் வைத்திருக்கிறார். 1937இல் ஜப்பானியப் படை அவர்களுடைய சுஜோ நகருக்குள் வந்தபோது, 150 கிலோவுக்கு மேல் கனக்கும் இரண்டு கொப்பரைகளை வீட்டுக்குள்ளேயே குழிவெட்டிப் புதைத்த குடும்பம் அது.