அதிபர் "முடியாது"ன்னு சொன்னா அரசாங்கம் நிக்குமா?

சிங்கப்பூர் ஈசூன்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "2023 தேர்தல்ல அதிபர் தர்மனுக்கு 70 விழுக்காட்டுக்கு மேல வாக்கு விழுந்துச்சு. பிரதமருக்கு நாடு முழுக்க இப்படி நேரடியா யாரும் ஓட்டுப் போடுறதில்ல. அப்போ அதிபருக்குத்தானே அதிகாரம் கூட? தூக்குத் தண்டனைக் கைதியை மன்னிக்கிறது, சேமிச்சு வச்ச பணத்தை எடுக்கவிடாம தடுக்கிறது எல்லாம் அவர் இஷ்டம்தானே?"

அம்மா, வாக்கு எவ்வளவு விழுந்தாலும் அதிகாரம் அதால ஒரு அங்குலம்கூட நீளாது. அரசமைப்புச் சட்டத்துல 21ஆம் பிரிவை எடுத்துப் படிங்க. அமைச்சரவையோட ஆலோசனைப்படிதான் அதிபர் நடக்கணும்னு முதல் உட்பிரிவு சொல்லுது. "ஆலோசனை"ன்னதும் கேட்டாலும் கேட்கலாம், விட்டாலும் விடலாம்னு நினைச்சுடாதீங்க. கேட்டே ஆகணும். ரெண்டாவது உட்பிரிவுல ஒரு பட்டியல் இருக்கு. அதுல உள்ளதுல மட்டும்தான் அவர் சொந்தமா முடிவெடுக்கலாம். பிரதமரை நியமிக்கிறது, நாடாளுமன்றத்தைக் கலைக்க ஒத்துக்காம இருக்கிறது, கடந்தகால நிதியிருப்பைக் காக்கிறது, தலைமை நீதிபதி, காவல்துறை ஆணையர் மாதிரி முக்கியப் பதவி நியமனங்களை மறுக்கிறது, இப்படி. பிரதமர் தடுத்தாலும் அதிபர் சம்மதிச்சா லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு விசாரணையைத் தொடரலாம், அதுவும் இதுல வருது. அதனால எந்தச் சர்ச்சை வந்தாலும் நான் முதல்ல பார்க்கிறது, விஷயம் அந்தப் பட்டியல்ல இருக்கா இல்லையான்னுதான்.

பணத்துக்கு வருவோம். இப்போ ஆட்சியில இருக்கிற அரசாங்கம் தன் தவணைக் காலத்துல சேர்த்ததைத் தானே செலவு பண்ணலாம். முந்தைய தவணைகள்ல சேர்ந்ததைத் தொடணும்னாதான் அதிபரோட ஒப்புதல் வேணும். 2009ல அப்போ அதிபரா இருந்த எஸ் ஆர் நாதன் 4.9 பில்லியன் வெள்ளிக்கு ஒப்புதல் கொடுத்தார். கொவிட் வந்த 2020ல ஹலிமா யாக்கோப் 52 பில்லியன் வரைக்கும் கொடுத்தாங்க. இதை "ரெண்டாவது சாவி"ன்னு சொல்வாங்க. அந்தச் சாவி தனியாப் பெட்டியைத் திறக்காது. "இவ்வளவு எடுத்து மக்களுக்குக் கொடுங்க"ன்னு அதிபர் உத்தரவு போட முடியாது.

சரி, அவர் மறுத்துட்டா? இங்கதான் பலர் கோட்டை விடுறாங்க. முடிவெடுக்கிறதுக்கு முன்னாடி அதிபர் ஆலோசனை மன்றத்தை அவர் கேட்டாகணும். அதுல எட்டுப் பேர். மூணு பேர் அதிபர் தேர்ந்தெடுத்தவங்க, மூணு பேர் பிரதமர் முன்மொழிஞ்சவங்க, ஒருத்தர் தலைமை நீதிபதி சொன்னவர், இன்னொருத்தர் பொதுச் சேவை ஆணையத் தலைவர் சொன்னவர். மன்றமும் அதிபர் பக்கம் நின்னா அந்த மறுப்பை நாடாளுமன்றத்தால அசைக்க முடியாது. மன்றம் சொன்னதுக்கு மாறா அவர் மறுத்தார்னா, நாடாளுமன்றத்துல நியமன உறுப்பினர்களை விட்டுட்டு மத்தவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு வாக்கு இருந்தாப் போதும், மறுப்பு செல்லாமப் போயிடும். நம்ம நாடாளுமன்றத்துல அந்தப் பெரும்பான்மை ஆளுங்கட்சி கையிலதான் இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

நீதிமன்றம் வரைக்கும் போன சண்டையெல்லாம் பெரும்பாலும் ஒரு சொல்லை எப்படிப் படிக்கிறதுங்கிற சண்டைதான். எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது 1995ல நடந்தது, ஓங் டெங் சியோங் அதிபரா இருந்தப்போ. தன் அதிகாரத்தைக் குறைக்கிற மசோதாவுக்கு அதிபர் ஒப்புதல் தராம இருக்கலாம்னு 22எச் பிரிவு சொல்லுச்சு. ஆனா "5(2ஏ) பிரிவு பொருந்துற மசோதா நீங்கலாக"ன்னு அதுல ஒரு விலக்கும் இருந்துச்சு. 5(2ஏ)ங்கிறது இந்த அதிகாரங்களை மாத்துற அரசமைப்புத் திருத்தங்களுக்கான தனிப் பூட்டு. அதிபர் ஒத்துக்கலைன்னா மக்கள் வாக்கெடுப்புக்குப் போகணும்னு சொல்ற பிரிவு. வேடிக்கை என்னன்னா, அந்தப் பூட்டைச் சட்டத்துல எழுதிட்டாங்களே தவிர அப்போ நடைமுறைக்குக் கொண்டுவரல. நடைமுறையிலேயே இல்லாத பிரிவு எந்த மசோதாவுக்கும் பொருந்தாதே, அப்போ விலக்கும் இல்ல, அரசமைப்புத் திருத்தத்தையே அதிபர் தடுக்கலாம்னு ஒரு வாதம். எழுத்துப்படி பார்த்தா அதுல நியாயம் இருக்கத்தான் செய்யுது.

100ஆம் பிரிவுப்படி விஷயம் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மூணு பேர் கொண்ட நடுவர் மன்றத்துக்குப் போச்சு. தலைமை நீதிபதி யோங் புங் ஹாவ் தலைமை. அவங்க எழுத்தை விட நோக்கத்தைப் பார்த்தாங்க. 22எச் சாதாரண மசோதாக்களுக்கு, அரசமைப்புத் திருத்தத்துக்கு 5(2ஏ). ஒண்ணு தூங்குதுங்கிறதுக்காக இன்னொண்ணு அதோட வேலையையும் எடுத்துக்க முடியாதுன்னு கருத்துச் சொன்னாங்க. விளைவு என்ன? அந்தப் பூட்டு தூங்குற வரைக்கும் அதிபரோட அதிகாரத்தையே நாடாளுமன்றம் மூணுல ரெண்டு பங்கை வச்சுத் திருத்தலாம். அந்த நடுவர் மன்றம் சொன்ன கருத்தை வேற எந்த நீதிமன்றத்துலயும் கேள்வி கேட்க முடியாது. இன்னொண்ணு, 100ஆம் பிரிவு அந்த 21(2) பட்டியல்ல இல்ல. அதனால தன் அதிகாரத்தைப் பத்தின சந்தேகத்தைக்கூட அமைச்சரவை சொன்னாத்தான் அதிபர் அங்க அனுப்ப முடியும்!

2012ல இன்னொரு வழக்கு. அனைத்துலகப் பண நிதியத்துக்கு 4 பில்லியன் அமெரிக்க டாலர் கடன் தர்றதா அரசாங்கம் சொன்னப்போ, 144ஆம் பிரிவுப்படி அதிபர் சம்மதம் எங்கன்னு எதிர்க்கட்சி அரசியல்வாதி கென்னத் ஜெயரத்னம் கேட்டார். "உத்தரவாதமோ கடனோ கொடுக்கவோ பெறவோ கூடாது"ங்கிற மாதிரி வாசகம் அது. "கொடுக்கிறது" உத்தரவாதத்துக்கு, "பெறுறது" கடனுக்குன்னு உயர் நீதிமன்றம் பிரிச்சுப் படிச்சுது. அதாவது அரசாங்கம் கடன் வாங்கினா அந்தப் பிரிவு வரும், கடன் கொடுத்தா வராது. 2013ல மேல்முறையீடும் தள்ளுபடி. வழக்குப் போட அவருக்குச் சட்டத் தகுதியே இல்லைன்னும் சொல்லிட்டாங்க.

கடைசியா கருணை மனு. எழுதுறது அதிபருக்குத்தான், ஆனா 22பி (22P) பிரிவுல போற வழியைப் பாருங்க. விசாரிச்ச நீதிபதியோட அறிக்கையும் மேல்முறையீட்டு நீதிமன்றத்தோட அறிக்கையும் தலைமைச் சட்ட அதிகாரிக்குப் போகும். அவர் கருத்தோட சேர்ந்து அமைச்சரவைக்குப் போகும். அமைச்சரவை சொல்றபடி அதிபர் கையெழுத்துப் போடுவார். 2025 ஆகஸ்ட்ல ஒருத்தரோட மரண தண்டனை ஆயுள் தண்டனையாச்சு, 1998க்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. அதுவும் அமைச்சரவை ஆலோசனைப்படிதான். இதுல அதிபருக்குச் சொந்த முடிவு கிடையாதுன்னு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011லயே தெளிவாச் சொல்லிடுச்சு. அதே தீர்ப்புல, அமைச்சரவை செஞ்சதை நீதிமன்றம் எட்டிப் பார்க்கவே முடியாதுன்னும் சொல்லல. ஆவணங்களைப் படிக்காம நாணயத்தைச் சுண்டி முடிவு பண்ணினாங்கன்னு ஆதாரம் இருந்தா தலையிடலாம்னு உதாரணமே கொடுத்திருக்காங்க.