கயிறு முள்ளுக்குள் போகட்டும்

(வேலூரில் நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

வெளியூர்க்காரர்கள் நம்மைக் கேலி செய்யும் பழைய பட்டியல் உங்களுக்குத் தெரியும். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. கோயிலுக்கு 1981-ல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். பாலாற்றில் 2021-ல் வந்த வெள்ளத்தை நாமே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தோம். மலை மட்டும்தான் இன்னும் அந்தப் பட்டியலில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் பாறைதான் தெரியும், மறுக்கவில்லை. நான் சொல்ல வந்தது அமிர்திக்கு அந்தப்பக்கம், ஜவ்வாது மலையில் மரம் எண்ணிய கதை.

காட்டில் உள்ள எல்லா மரத்தையும் எண்ண முடியாது. வரைபடத்தில் முதலிலேயே புள்ளி குறித்துக்கொள்வோம். அந்த இடத்துக்குப் போய்ச் சதுரமாகக் கயிறு கட்டி, உள்ளே இருப்பதை மட்டும் எண்ணுவோம். ஒரு பக்கம் 31.6 மீட்டர், நம் கணக்கில் கிட்டத்தட்ட கால் ஏக்கர். முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தார் 1988-லிருந்து 50 ஹெக்டேரை ஒரே துண்டாக அளந்து வருகிறார்கள். விரல் பருமன் தண்டுக்குக்கூட அங்கே எண் உண்டு. நாங்கள் நாலு பேர், ஒரு டேப், ஒரு ஜிபிஎஸ், தூக்கில் புளிச்சோறு.

அளக்கும் உயரம் 1.3 மீட்டர். மூங்கில் குச்சியில் அந்த இடத்தில் சிவப்பு பெயிண்ட் அடித்து வைத்திருந்தோம். சரிவில் நிற்கும் மரமென்றால் குச்சியை மேட்டுப் பக்கம் ஊன்ற வேண்டும். உசிலைதான் எங்களைப் படுத்தி எடுத்தது. விறகுக்கு வெட்டிய கட்டையிலிருந்து ஐந்து கிளை துளிர்த்து நிற்கும், ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர் சுற்றளவு. எங்களில் ஒரு தம்பி ஐந்தையும் கூட்டி 150 என்று எழுதிவிட்டான். சுற்றளவைக் கூட்டக்கூடாது. நமக்கு வேண்டியது தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு, அதனால் ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கித்தான் கூட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் அந்த ஐந்தும் சேர்ந்து, 150 சுற்றளவுள்ள ஒரே மரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். நோட்டில் காடு கொழுத்துவிட்டது, மலையில் அப்படியே இருந்தது!

அவனைத் திட்டினேன். அதைவிடப் பெரிய தப்பை நானே செய்தேன்.

ஒரு புள்ளி நேராகச் சூரைப் புதருக்குள் விழுந்தது. சூரை முள்ளைத் தெரியுமில்லையா? கொக்கி மாதிரி வளைந்திருக்கும். உள்ளே போக விடும், திரும்ப விடாது. உச்சி வெயில் வேறு. நாற்பது மீட்டர் தள்ளி ஒரு வெட்டவெளியில் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டேன். நோட்டில் பழைய புள்ளியின் எண்ணையே எழுதினேன். “சந்தனக் கன்று: இல்லை.”

வழிகாட்ட வந்த, இந்த மலையின் மலையாளிப் பழங்குடிப் பெரியவர் பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்: “ஏன் சார் இங்க கட்டினீங்க? இது ஆடு மேயற எடம். ஆடு பூராத எடத்துலதான கன்னு இருக்கும்?”

மறுநாள் காலையில் முழுக்கைச் சட்டையோடு போனோம். அவர் கொடுவாளின் முதுகால் சூரைக் கிளையை ஒதுக்கிப் பிடித்தார், நான் வயிற்றால் ஊர்ந்தேன். உள்ளே முழங்கால் உயரத்தில் ஏழு சந்தனக் கன்றுகள். எதிரெதிர் இலை, அடிப்பக்கம் வெளிறிய பச்சை. அசட்டுத்தனமாக ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தேன். வாசனை எங்கே வரும்? அது வைரத்தில்தான், அதுவும் பல வருஷம் கழித்து.

காரணம் எளிமையானது. பழத்தைத் தின்ற கொண்டைக்குருவி புதர் மேல் உட்கார்ந்து எச்சமிடுகிறது. முளைத்த கன்றை முள் காக்கிறது. சந்தனம் பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரை ஒட்டிச் சத்தை உறிஞ்சும் மரம். புதருக்குள் அதற்கும் பஞ்சமில்லை. இந்த மலைகளின் சந்தனம் திருப்பத்தூர் கிடங்கில் ஏலம் போனதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். மீதியிருக்கும் விதை இப்படித்தான் பிழைக்கிறது. நாம் மரம் நடுவிழா என்றால் முதல் வேலையாக ஜேசிபி வைத்து முள்ளை வழிக்கிறோம். எனக்கு அதில் கோபம்தான், மறைக்கவில்லை. உன்னிச்செடியை எடுங்கள், அது வெளியிலிருந்து வந்து காட்டை மூடுவது. சூரையையும் அதோடு சேர்த்து வழிக்காதீர்கள்.

பழைய தாளை அடித்து, பக்கத்தில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு முன்னால் எத்தனை இடத்தில் கயிற்றை இப்படி நகர்த்தினேன் என்று யோசித்து, இன்னும் மூன்று இடங்களுக்குத் திரும்பப் போனோம். இரண்டில் ஒன்றுமில்லை. ஒன்றில் கருங்காலிக் கன்று இருந்தது.

அடுத்த மாதம் மறுபடி ஏறுகிறோம். வனத்துறை அனுமதி வந்துவிட்டது. வர விரும்புகிற மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். அரைக்கைச் சட்டை வேண்டாம், அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.