புள்ளி மறைந்த பிறகுதான் தனித்தொட்டி வேலை தொடங்குகிறது

வணக்கம் நண்பர்களே, சேலத்திலிருந்து பேசுகிறேன். பவளங்களைச் சுற்றிக் காட்டுவதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். இன்று வீட்டுக் கடல்மீன் தொட்டியில் வரும் ஒட்டுண்ணியைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

ஆத்தூரிலிருந்து ஒரு தம்பி தன்னுடைய பவுடர் ப்ளூ டாங் மீனைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். திங்கட்கிழமை எடுத்த படத்தில் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. வெள்ளிக்கிழமை எடுத்ததில் ஒன்றுகூட இல்லை. "அண்ணா, பூண்டு கலந்து தீனி வைத்தேன், குணமாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறார். தம்பி, உங்கள் மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வரவில்லை. ஆனால் அந்தப் புள்ளிகளைப் பூண்டு விரட்டவில்லை. மீனிடம் தின்ன வேண்டியதைத் தின்று முடித்துவிட்டு அவையே இறங்கிப் போயிருக்கின்றன.

வெண்புள்ளி நோயைக் கொண்டுவருவது கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்ற ஓரணு உயிர். மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் புகுந்து, 3 முதல் 7 நாள் வரை அங்கேயே தின்று வளர்கிறது. நாம் பார்க்கும் புள்ளி அதுதான். வளர்ந்து முடிந்ததும் கழன்று விழுந்து, மணலிலோ பாறையிலோ தொட்டிக் கண்ணாடியிலோ ஒட்டிக் கூடு கட்டுகிறது. கூட்டுக்குள் அது பிரிந்துகொண்டே போய், நூற்றுக்கணக்கான குஞ்சுகளாக நீந்தி வெளியே வருகிறது. பெரும்பாலும் இருட்டில்தான் வெளியே வரும். ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் அது செத்துவிடும். கடலில் பெரும்பாலானவை அப்படித்தான் அழிகின்றன. நம் வீட்டுத் தொட்டியிலோ, இரவில் அதே பாறை இடுக்கில் மீன் தூங்குகிறது. அதனால்தான் முதல் முறை பத்துப் புள்ளி என்றால் அடுத்த முறை எண்ண முடியாத அளவுக்கு வருகிறது.

இந்தச் சுழற்சி புரிந்துவிட்டால் மருந்தும் புரிந்துவிடும். தாமிரம், அதாவது காப்பர், நீந்தித் திரியும் குஞ்சுகளை மட்டுமே கொல்லும். தோலுக்கு அடியில் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது. புள்ளி போனவுடன் மருந்தை நிறுத்தினால், கூடு அப்படியே காத்திருக்கும். அதனால்தான் 30 நாள், இடையில் ஒரு நாள்கூட அளவு குறையாமல் வைத்திருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்குங்கள்.

இதோ என் தனித்தொட்டி, அதாவது புது மீனையும் நோய் வந்த மீனையும் பிரித்து வைத்து மருந்து போடும் தொட்டி. அடியில் மணல் இல்லை, பாறை இல்லை, வெறும் கண்ணாடி. மீன் ஒளிந்துகொள்ள பி.வி.சி. குழாய்த் துண்டுகள், ஒரு ஹீட்டர், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், அவ்வளவுதான். பவளப் பாறையும் பவள மணலும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அளவு நிற்காது. நத்தை, இறால், பவளம் எதுவும் இதற்குள் வரக்கூடாது, தாமிரம் அவற்றைக் கொன்றுவிடும். இதே காரணத்தால்தான் பவளமும் மீனும் சேர்ந்து வாழும் பெரிய தொட்டியில் தாமிரத்தை ஒருபோதும் ஊற்றாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஸ்பாஞ்சை மட்டும் முன்கூட்டியே நோயில்லாத ஒரு தொட்டியில் போட்டு, மீன் கழிவின் அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியா படியவிட்டு எடுத்து வையுங்கள். மருந்துத் தொட்டியில் ஒட்டுண்ணிக்குத் தப்பிய மீன் அம்மோனியாவில் சாவதைப் பார்த்தால் மனம் பொறுக்காது.

ஏற்காடு பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். காப்பிச் செடியின் இலைத்துருவுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து போர்டோ கலவை அடிக்கிறோமே, அந்த மயில்துத்தமே தாமிரம்தானே, அதைப் போட்டால் என்ன என்று. கேள்வி நியாயமானது. கணக்கைப் பாருங்கள். சாதாரணத் தாமிர மருந்தில் லிட்டருக்கு 0.15 முதல் 0.2 மில்லிகிராம் வரைதான் வேண்டும். நூறு லிட்டர் தண்ணீருக்கு அதிகபட்சம் 20 மில்லிகிராம் தாமிரம். மயில்துத்தத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் தாமிரம் என்பதால், 80 மில்லிகிராம் படிகம் நிறுக்க வேண்டும். மளிகைக்கடைத் தராசில் அது நடக்குமா? கொஞ்சம் கூடினாலும் மீன் சாகும், கொஞ்சம் குறைந்தாலும் ஒட்டுண்ணி பிழைக்கும். தோட்டத்துக்கு வாங்கிய மூட்டையில் வேறு என்ன கலந்திருக்கிறது என்பதும் நமக்குத் தெரியாது. மீனுக்கென்று வரும் மருந்தையே வாங்குங்கள்.

அதிலும் செலேட்டட் காப்பர், அதாவது வேறொரு பொருளோடு பிணைத்த தாமிரம், என்று ஒரு வகை உண்டு. அதன் அளவு முற்றிலும் வேறு, பெரும்பாலும் லிட்டருக்கு 1.5 முதல் 2.5 மில்லிகிராம். ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டால் எல்லாம் முடிந்தது. பாட்டிலில் உள்ளதைப் படித்து, அந்த வகையை அளக்கும் டெஸ்ட் கிட்டையும் சேர்த்தே வாங்குங்கள். கிட் வாங்கப் பணம் இல்லையென்றால் மருந்தும் வாங்காதீர்கள், கண்டிப்பாகவே சொல்கிறேன். முழு அளவை ஒரே நாளில் ஏற்றாமல் இரண்டு மூன்று நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். தண்ணீர் மாற்றும்போது புதுத் தண்ணீரிலும் அதே அளவு மருந்தைக் கலந்த பிறகே ஊற்றுங்கள். அம்மோனியாவைக் கட்டும் திரவங்களைத் தாமிரத்தோடு சேர்க்க வேண்டாம், சில வகைகள் தாமிரத்தை இன்னும் கொடிய நஞ்சாக மாற்றிவிடும்.

பெரிய தொட்டியை என்ன செய்வது? மீன் ஒன்றுகூட இல்லாமல் 76 நாள் விட்டுவிடுங்கள். பவளமும் நத்தையும் இருக்கலாம். இந்த ஒட்டுண்ணிக் கூடு 72 நாள் வரை உயிரோடு இருந்தது பதிவாகியிருக்கிறது, அதிலிருந்து வந்த கணக்கு இது. ஒரு மீன் மட்டும் பாறைக்குள் மாட்டிக்கொண்டது, அதை விட்டுவிடலாமா என்றால், கூடாது. அந்த ஒரு மீன் போதும் அதற்கு.

வெல்வெட் நோயைக் கொண்டுவரும் அமிலூடினியம் என்ற இன்னொரு ஒட்டுண்ணி வந்தால் நமக்கு இவ்வளவு நேரம் கிடைக்காது. தோலில் மெல்லிய பொன்தூசி படிந்தது போலிருக்கும். சில நேரம் அதுவும் தெரியாது. மீன் வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்கும், வேகமாக மூச்சு வாங்கும், பம்ப்பின் நீரோட்டத்தை நோக்கியே நிற்கும், தீனியைத் தொடாது. இப்படிக் கண்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். இரண்டு மூன்று நாளில் தொட்டியே காலியாகிவிடும்.

மீனின் உடம்பில் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்புழுவுக்கு நன்னீர்க் குளியல். ஆர்.ஓ. தண்ணீரைத் தொட்டியின் வெப்பத்துக்கும் பி.எச். (அமில-காரத் தன்மை) அளவுக்கும் சரிசெய்து, காற்றடித்து, மீனை ஐந்து நிமிடம் வரை விடுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்த புழுக்கள் வெளுத்து உதிர்வதைப் பார்ப்பீர்கள். மீன் துவண்டால் உடனே எடுத்துவிடுங்கள். முட்டைகள் எப்படியும் தப்பும். அதனால் பிராசிகுவாண்டல் மருந்தை ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறையும் போட வேண்டும்.

நம் ஊருக்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன. சென்னை கொளத்தூரிலிருந்து பையில் அடைத்து இரவு பஸ்ஸில் வரும் மீன்தான் நம்மில் பலருக்கு. அவ்வளவு நேரமும் பையில் அம்மோனியா சேர்கிறது. கரியமில வாயுவும் சேர்வதால் பி.எச். இறங்கி, அந்த அம்மோனியா அவ்வளவாகத் தீங்கு செய்யாமல் அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அம்மோனியா நஞ்சாகிவிடும். ஆகவே பையைத் திறந்துவைத்துச் சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் தண்ணீர் விடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பைத் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று விற்பவரிடமே முன்கூட்டிக் கேட்டு, தனித்தொட்டியை அதே அளவில் தயாராக வைத்திருங்கள். பையை மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும் மீனை மட்டும் எடுத்து உள்ளே விடுங்கள்.

சித்திரை வெயிலில் நம் மாடி அறைகள் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, செவுள் பழுதான மீனுக்கு அதுவே எமன். தனித்தொட்டியைக் கீழ்த்தளத்தில் வையுங்கள், மின்தடைக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். ஏற்காட்டு நண்பர்களுக்கு இதற்கு நேர்மாறு. மார்கழிக் குளிரில் ஹீட்டர் நின்றால் ஒட்டுண்ணியின் சுழற்சியும் மெதுவாகும், உங்கள் நாள்கணக்கு தப்பிவிடும்.

தனித்தொட்டியின் வலை, வாளி, குழாய் எதுவும் பெரிய தொட்டிப் பக்கம் போகக்கூடாது. ஈரக் கையும் கூடாது.

கடைசியாக, வேலை முடிந்த தாமிரத் தண்ணீரை மூக்கனேரியிலோ வீட்டுப் பின்பக்கச் சாக்கடையிலோ கொட்டிவிடாதீர்கள். தண்ணீரில் வாழும் மற்ற உயிர்களுக்கும் அது நஞ்சுதான். ஃபில்டரில் கார்பன் போட்டு ஓடவிடுங்கள், இரண்டு மூன்று முறை கார்பனை மாற்ற வேண்டியிருக்கும். டெஸ்ட் கிட்டில் பூஜ்யம் காட்டிய பிறகு கழிவறையில் ஊற்றுங்கள். கார்பனைக் காயவைத்துப் பையில் கட்டிக் குப்பை வண்டியில் போடுங்கள்.