வடம் பிடிப்பவரும் கட்டை போடுபவரும்

அவைத் தலைவர் ஐயா அவர்களே, தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களே, ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களே, எங்கள் மொழி புரியாவிட்டாலும் தொடக்கத்திலிருந்தே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் துணை மேயர் அம்மையார் அவர்களே, வணக்கம். எண்பதைக் கடந்த பெரியவர் கையால் பொன்னாடை பெற்றது என் பேறு.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 27 நாடுகள் இழுக்கும் தேர். அதில் மக்கள் குரல் எங்கே இருக்கிறது? நாடாளுமன்றம், சட்டங்களை முன்மொழியும் ஆணையம், நீதிமன்றம் மூன்றையும் பற்றிப் பேச வந்தேன். முதலில் 2019இல் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த மே மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல். "எங்களுக்கு வாக்களியுங்கள், ஆணையத் தலைவர் இவர்தான்" என்று பெரிய கட்சிகள் ஆளைக் காட்டின. ஐரோப்பிய மக்கள் கட்சிக்கு மன்ஃப்ரெட் வேபர், சோசலிஸ்டுகளுக்கு ஃப்ரான்ஸ் டிம்மர்மன்ஸ். தொலைக்காட்சியில் விவாதம், ஊர் ஊராகக் கூட்டம். 1979இல் 62 விழுக்காட்டளவில் இருந்த வாக்குப்பதிவு 2014இல் 43க்குச் சரிந்திருந்தது. இந்த முறை ஐம்பதைத் தாண்டியது. சனம் நம்பி வந்தது! வேபரின் கட்சி முதலிடம். அப்புறம்? நாட்டுத் தலைவர்கள் பிரசெல்ஸில் கூடினார்கள். மூன்று நாள் இழுபறி. ஜூலை 2ஆம் தேதி வெளிவந்த பெயர் உர்சுலா ஃபொன் டெர் லெயன், ஜேர்மனியின் பாதுகாப்பு அமைச்சர். திறமையானவர்தான். ஆனால் அந்தத் தேர்தலில் எந்தக் கட்சியும் அவரைக் காட்டி வாக்குக் கேட்கவில்லை. நாடாளுமன்றம் அவரை ஏற்கத் தேவைப்பட்டது 374 வாக்கு, கிடைத்தது 383.

ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்தை மீறினார்கள் என்று நான் சொல்லவில்லை. தேர்தல் முடிவைக் கருத்தில் கொண்டு தலைவர்கள் பெயரை முன்மொழிய வேண்டும் என்றுதான் அதில் இருக்கிறது. ஊர் கூடித் தேர் இழுத்தது. சக்கரத்தடியில் கட்டை போட்டுத் திருப்பியவர்கள் வேறு.

இதைவிட என்னை வருத்துவது இன்னொன்று. 720 உறுப்பினர்கள் இருந்தும் அந்த மன்றம் தானாக ஒரு சட்டவரைவைக் கொண்டுவர முடியாது; ஆணையத்திடம் கேட்கத்தான் முடியும். நாமும் கேட்கலாம். குறைந்தது 7 நாடுகளிலிருந்து பத்து லட்சம் கையெழுத்து சேர்த்தால் ஆணையம் பதில் சொல்லும். சட்டம் கொண்டுவர வேண்டிய கட்டாயம் இல்லை.

சட்டம் முன்மொழியும் உரிமையை நாடாளுமன்றத்துக்குக் கொடுங்கள் என்று போகிற இடமெல்லாம் பேசுகிறேன். அதற்கு ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும், 27 நாடுகளும் இசைய வேண்டும். கடினம்தான். ஆனால் ஊர் கூட வேண்டாமா?

நீதிமன்றத்துக்கு நேரமில்லை, தலைவர் மணியடித்துவிட்டார். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற உறவுகளே, ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பிரான்சுக்கு 81 இடங்கள். அதற்கு வாக்குக் கேட்டு 2029இல் வருபவரிடம், இந்த உரிமைக்குக் குரல் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். கேள்வியைப் பிரெஞ்சில் அச்சடித்து வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள்.