எர்த்தைப் பார்த்தீர்களா?

நேயர்களுக்கு வணக்கம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதில் நனைந்த கார்கள் பல மாதம் எங்கள் பட்டறைக்கு வந்துகொண்டே இருந்தன. அதில் ஒன்றைச் சொல்கிறேன்.

ஸ்ரீவைகுண்டம் பக்கத்து டீசல் கார். செல்ஃப் நன்றாகச் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. "கம்ப்யூட்டர் போயிட்டு, புதுசுதான் மாத்தணும்னு சொல்லிட்டாங்க அண்ணாச்சி" என்று கார்க்காரர் கலங்கிப்போய் நின்றார். கம்ப்யூட்டர் என்றால், இன்ஜினை இயக்கும் மின்னணுப் பெட்டி.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரை, அதாவது பிழை எண்ணைப் படிக்கும் கருவியைச் செருகினால், ஒரு நேரம் இன்ஜின் கம்ப்யூட்டர் பதில் சொன்னது, ஒரு நேரம் சொல்லவில்லை. வந்த பிழை எண் பி0562. மின்னழுத்தம் குறைவு என்று பொருள். பிழை எண், எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது. எங்கே அளவு பிசகியது என்றுதான் சொல்லும். அதை முதல் வேலையாக அழிக்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். பிழை வந்த நேரத்தின் வேகமும் சூடும் பல வண்டிகளில் அதோடு பதிவாகியிருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

சாவியை ஆன் செய்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மறுமுனையைக் கம்ப்யூட்டரின் எர்த் வயரிலும் வைத்தேன். மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழிதான் எர்த். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது, 1.8 காட்டியது. அவ்வளவு மின்னழுத்தம் அந்த வழியிலேயே வீணாகிறது என்று பொருள். பேட்டரித் தட்டுக்கு அடியில் எர்த் போல்ட்டைக் கழற்றினால், வயர் முனையின் வளையம் முழுக்கக் களிம்பு பிடித்திருந்தது, அதன்மேல் ஆற்று வண்டல். உப்புத்தாளால் தேய்த்து, பளபளவென்று ஆனதும் முடுக்கினேன். இன்ஜின் பிடித்துவிட்டது. கம்ப்யூட்டருக்கு ஒன்றுமே இல்லை!

சரி, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மென்பொருளை மாற்றி எழுத வேண்டிய கட்டம் வரவே வராதா? வரும். நிறுவனம் திருத்திய மென்பொருள் தரும்போதோ, புதுப் பெட்டி போட்டு சாவியோடு பொருத்தும்போதோ செய்துதான் ஆக வேண்டும். பழையதை அழித்துவிட்டுத்தான் புதியது பதியும். பாதியில் பேட்டரி இறங்கினால், பெட்டி ஸ்கேனருக்குக்கூட பதில் சொல்லாமல் போய்விடலாம். அதனால் முடிந்தவரை பழைய பதிவை முதலில் எடுத்து வைத்துக்கொள்வேன். ஏசி, ஹெட்லைட் எல்லாம் அணைத்து, மின்னழுத்தத்தை நிலையாகப் பிடிக்கும் சார்ஜரை மாட்டுவேன். கரண்ட் போனால் என்ன செய்வது? அந்தச் சார்ஜருக்கே இன்வெர்ட்டர் வைத்திருக்கிறேன். எழுதி முடிகிற வரை வண்டியின் கதவைத் திறக்கக்கூட யாரையும் விடமாட்டேன்.